அமெரிக்காவில் டாக்டராக, முதலில் எந்தப் பட்டம்?

அமெரிக்காவில் பெரும்பாலும் நான்காண்டு இளநிலைப் பட்டம் முடித்துத்தான் மருத்துவப் படிப்புக்கு விண்ணப்பிக்க முடியும். அந்தப் பட்டம் உயிரியலாகத்தான் இருக்க வேண்டுமென்று கட்டாயமில்லை. வரலாறு, இசை, பொருளாதாரம் படித்தவர்களும் சேர்கிறார்கள். 'ப்ரீ-மெட்' என்பதும் பெரும்பாலான கல்லூரிகளில் தனிப் பட்டமல்ல, மருத்துவப் படிப்புக்கான ஒரு தயாரிப்புப் பாதை மட்டுமே.

கட்டாயம் வேறிடத்தில் இருக்கிறது. உயிரியல், பொது வேதியியல், கரிம வேதியியல், இயற்பியல் ஆகியவற்றை ஆய்வக வகுப்புகளோடு முடித்திருக்க வேண்டும் என்பதுதான் வழக்கமான எதிர்பார்ப்பு. உயிர்வேதியியலையும் பல இடங்களில் கேட்கிறார்கள். பள்ளியிலேயே எடுத்த ஏ.பி. பாடங்களை (கல்லூரித் தரத்திலான பாடங்கள்) எல்லா மருத்துவக் கல்லூரிகளும் ஏற்பதில்லை. விண்ணப்பிக்க நினைக்கும் ஒவ்வொரு மருத்துவக் கல்லூரியின் பட்டியலையும் முதலாண்டிலேயே பார்த்துவிடுங்கள்.

அறிவியல், கணிதப் பாடங்களின் சராசரி மதிப்பெண் விண்ணப்பத்தில் தனியாகவே தெரியும். ஆகவே 'கெத்தாக இருக்கும்' என்று பயோமெடிக்கல் இன்ஜினியரிங் எடுத்து மதிப்பெண்ணைக் கோட்டைவிடுவது வீண். உண்மையிலேயே பிடித்திருந்தால் தாராளமாக எடுக்கலாம். மருத்துவக் கல்லூரி நுழைவுத் தேர்வான எம்கேட்டின் நான்கு பகுதிகளில் ஒன்று முழுக்க வாசித்துப் புரிந்துகொள்ளும் திறனைச் சோதிப்பது, இன்னொன்றில் உளவியலும் சமூகவியலும் வரும். (இலக்கிய மாணவர்கள் இங்கே கொஞ்சம் சிரித்துக்கொள்ளலாம்.) கரிம வேதியியலையும் இயற்பியலையும் மட்டும், முடிந்தவரை, ஒரே பருவத்தில் போட்டுக்கொள்ளாதீர்கள்.