அமினோ அமிலக் கலவையைத் தாளில் பிரிப்பது எப்படி? அப்படியே புரதத்துக்கு ஜெல் ஓட்டுவதும்

சோதனைக் குழாயில் தண்ணீர் மாதிரி நிறமில்லாத ஒரு கரைசலைக் கொடுத்து, இதில் எந்தெந்த அமினோ அமிலம் இருக்கிறது என்று கண்டுபிடிக்கச் சொல்வார்கள். உயிர்வேதியியல் ஆய்வகத்தில் கால் வைப்பவர்களுக்குப் பெரும்பாலும் இதுதான் முதல் வேலை. எல்லா அமினோ அமிலங்களுக்கும் அடிப்படை அமைப்பு ஏறக்குறைய ஒன்றேதான், பக்கச் சங்கிலி மட்டும்தான் மாறும், அதனால் பிரிக்கும் முறை எதுவானாலும் அந்தப் பக்கச் சங்கிலியின் ஏதாவது ஒரு குணத்தைப் பிடித்துக்கொண்டுதான் பிரிக்கிறது. தாளில் கரைப்பான் ஏறும்போது கலவையைப் பிரிக்கும் தாள் வண்ணப்பிரிகையில் அந்தக் குணம், தண்ணீர் பிடிக்குமா பிடிக்காதா என்பது.

1944-ல் கான்ஸ்டன், கார்டன், மார்ட்டின் மூவரும் வெளியிட்ட முறை இது. இதற்கு அடிப்படையான, இரண்டு திரவங்களுக்கு நடுவே பொருள் பங்கிடப்படுவதை வைத்துப் பிரிக்கும் பங்கீட்டு வண்ணப்பிரிகைக்காக மார்ட்டினுக்கும் சிங்குக்கும் 1952-ல் நோபல் பரிசு கிடைத்தது. இன்சுலினின் அமினோ அமில வரிசையை உயிர்வேதியியலாளர் சாங்கர் கண்டுபிடித்ததிலும் இந்தத் தாளுக்குப் பெரிய பங்கு உண்டு. ஆகவே 'வெறும் வடிதாள்தானே' என்று நினைக்க வேண்டாம்.

தயார் செய்ய வேண்டியவை

வாட்மேன் எண் 1 தாள், மூடியுள்ள கண்ணாடி ஜாடி, கேப்பிலரி எனும் மெல்லிய குழாய்கள், பென்சில், அளவுகோல், கையுறை. கரைப்பானுக்கு பியூட்டனால் 60 மிலி, அசிட்டிக் அமிலம் 15 மிலி, தண்ணீர் 25 மிலி. இதை அன்றன்றைக்குப் புதிதாகக் கலக்க வேண்டும், ஏனென்றால் பியூட்டனாலும் அசிட்டிக் அமிலமும் மெதுவாக வினைபுரிந்து எஸ்டர் என்ற வேறு சேர்மமாக ஆகிக்கொண்டே இருக்கும், போன வாரக் கலவையில் ஓட்டினால் புள்ளிகள் வேறு உயரத்தில் போய் நிற்கும். நிறம் காட்ட அசிட்டோனில் கரைத்த 0.2 சதவீத நின்ஹைட்ரின் வேண்டும். கூடவே, எதிர்பார்க்கும் அமினோ அமிலங்களின் தூய கரைசல்கள், சுமார் 1 சதவீதச் செறிவில். இவற்றைத்தான் ஸ்டாண்டர்டு என்கிறோம்.

கையுறை ஏன் என்றால், விரல் வியர்வையிலும் அமினோ அமிலங்கள் இருக்கின்றன. தாளை வெறும் கையால் தொட்டால் கடைசியில் உங்கள் கைரேகையும் ஊதா நிறத்தில் அழகாகத் தெரியும். தடயவியல் துறையில் காகிதத்தில் பதிந்த ரேகைகளை எடுக்க நின்ஹைட்ரின் பயன்படுவதும் இதனால்தான்.

புள்ளி வைப்பது

தாளின் அடியிலிருந்து 2 செ.மீ. உயரத்தில் பென்சிலால் கோடு போடுங்கள். பேனா வேண்டாம், மையும் கூடவே ஏறிப் பிரியும். கோட்டில் 2 செ.மீ. இடைவெளி விட்டுக் குறிகள் வைத்து, எது எந்தக் கரைசல் என்று அடியிலேயே எழுதிவிடுங்கள்.

சரி, இப்போது கொஞ்சம் நிதானம் வேண்டும், ஏனென்றால் இந்தச் சோதனை கெட்டுப்போவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். கேப்பிலரி நுனியைத் தாளில் லேசாகத் தொட்டவுடன் எடுத்துவிடுங்கள், ஈரம் 3 மி.மீ. அகலத்துக்கு மேல் பரவக் கூடாது. போதவில்லை என்று தோன்றினால், முதல் சொட்டு முழுக்கக் காய்ந்த பிறகு அதே இடத்தில் இன்னொரு சொட்டு வைக்கலாம். ஈரத்தின் மேலேயே ஈரம் வைத்தால் புள்ளி அகலும், புள்ளி அகலமாகத் தொடங்கினால் மேலே போகப் போக இன்னும் அகலும், அப்புறம் பக்கத்துப் பக்கத்தில் வரவேண்டிய இரண்டு அமிலங்கள் ஒரே திட்டாகத்தான் தெரியும். அளவு அதிகமானாலும் தொல்லைதான்: புள்ளி வட்டமாக இல்லாமல் கீழே நீண்ட வால் விட்டுக்கொண்டு வரும், அதன் நடுப்புள்ளி எது என்று சொல்லவே முடியாது. கண்ணுக்கு எதுவும் தெரியவில்லையே என்று சொட்டுக்கு மேல் சொட்டாக வைக்கத் தோன்றும், வைக்காதீர்கள்.

ஜாடிக்குள் ஓட்டுவது

ஜாடியில் கரைப்பானை 1 செ.மீ. உயரத்துக்கு ஊற்றி, மூடி, அரை மணி நேரம் விடுங்கள், உள்ளே ஆவி நிறையட்டும். பிறகு தாளை நிற்க வையுங்கள். புள்ளிக் கோடு கரைப்பான் மட்டத்துக்கு மேலே இருக்க வேண்டும், மூழ்கினால் அமிலங்கள் தாளில் ஏறாமல் ஜாடிக்குள் கரைந்துவிடும். தாள் ஜாடிச் சுவரில் உரசவும் கூடாது.

உள்ளே நடப்பது இதுதான். தாளின் செல்லுலோஸ் தன்னோடு தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கிறது, பியூட்டனால் அதைத் தாண்டி மேலே போகிறது. தண்ணீரை விரும்பும் லைசின், அஸ்பார்டிக் அமிலம் போன்றவை கீழேயே தங்கிவிடும். எண்ணெய்த் தன்மையுள்ள பக்கச் சங்கிலி கொண்ட லியூசின், ஃபீனைல் அலனின் பியூட்டனாலோடு கிளம்பி உயரே போகும். கிளைசின், அலனின், வேலின் என்ற வரிசையில் பார்த்தால் சங்கிலி நீள நீள உயரமும் கூடுவது தெரியும்.

கரைப்பான் 12 செ.மீ. அளவுக்கு ஏறச் சில மணி நேரம் ஆகும். எடுத்த உடனே, ஈரம் காய்வதற்குள், அது எட்டிய இடத்தைப் பென்சிலால் குறித்துவிடுங்கள். காய்ந்த பிறகு அந்தக் கோடு எங்கே என்று தேட முடியாது.

நிறம் காட்டுவது

தாள் நன்றாகக் காய்ந்ததும் புகைபோக்கி அலமாரிக்குள் வைத்து நின்ஹைட்ரினைச் சீராகத் தெளித்து, 105 டிகிரி செல்சியஸ் அடுப்பில் சுமார் 5 நிமிடம் வையுங்கள். முதலில் ஒன்றுமே இருக்காது, அப்புறம் ஓரங்களில் இளஞ்சிவப்பாகத் தொடங்கி ஊதாவாக இருளும். வெளியே எடுத்ததும் ஒவ்வொரு புள்ளியையும் பென்சிலால் சுற்றி வட்டம் போடுங்கள், நாளடைவில் நிறம் மங்கிவிடும்.

ஏன் எல்லாமே ஊதா? அந்தச் சாயத்துக்குள் அமினோ அமிலத்திலிருந்து போவது நைட்ரஜன் மட்டும்தான், பக்கச் சங்கிலி கழன்று ஆல்டிஹைடாகப் போய்விடுகிறது. அதனால் நிறத்தை வைத்து இன்ன அமிலம் என்று சொல்ல முடியாது. பெரிய விதிவிலக்கு புரோலின், அது மஞ்சளாக வரும், வெளிர் மஞ்சள் என்பதால் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால்தான் கண்ணில் படும். அம்மோனியாவும் வேறு சில அமின்களும்கூட ஊதா காட்டும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

அளப்பது

தொடக்கக் கோட்டிலிருந்து புள்ளியின் நடுவரை உள்ள தூரத்தைக் கரைப்பான் போன தூரத்தால் வகுத்தால் ஆர்எஃப் மதிப்பு. கரைப்பான் 12 செ.மீ. போயிருக்கிறது, உங்கள் மாதிரியில் 3.1, 5.2, 8.7 செ.மீ. உயரங்களில் மூன்று புள்ளிகள், நடுவிலுள்ளது மஞ்சள் என்று வைத்துக்கொள்வோம். மதிப்புகள் 0.26, 0.43, 0.73. இந்தக் கரைப்பானுக்கான ஆர்எஃப் அட்டவணையைப் பார்த்தால் கிளைசின், புரோலின், லியூசின்.

இங்கேதான் அவசரப்படக் கூடாது. அட்டவணை மதிப்பு என்பது வேறொரு நாளில், வேறொரு வெப்பநிலையில், வேறொருவர் ஓட்டிய தாளின் மதிப்பு. உங்கள் தாளில் நம்பக்கூடியது, பக்கத்திலேயே கூட ஓடிய ஸ்டாண்டர்டு மட்டும்தான், அட்டவணையை எதை ஸ்டாண்டர்டாக வைக்கலாம் என்று யோசிக்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். தவிர, அஸ்பார்டிக் அமிலம் 0.24 அருகில் வரும். கிளைசினுக்கும் அதற்கும் 0.02 வித்தியாசம், 12 செ.மீ. தாளில் அது வெறும் 2.4 மி.மீ., புள்ளியின் அகலமே அதைவிட அதிகம்! லியூசினும் ஐசோலியூசினும் கேட்கவே வேண்டாம், இந்தக் கரைப்பானில் ஒன்றின் மேல் ஒன்றாகவே வரும். அப்போது 'லியூசின் அல்லது ஐசோலியூசின்' என்று எழுதுவதுதான் சரியான விடை.

கிளைசினா அஸ்பார்டிக்கா என்ற சந்தேகத்தை மின்சாரம் தீர்க்கும். அதே மாதிரியை பிஎச் 6 பஃபரில் (பிஎச் மாறாமல் வைத்திருக்கும் கரைசலில்) நனைத்த தாளில் வைத்து மின்னழுத்தம் கொடுத்தால், எதிர் மின்சுமையுள்ள அஸ்பார்டிக் அமிலம் நேர்மின்முனைக்குப் போகும், லைசின் எதிர்மின்முனைக்குப் போகும், நிகர மின்சுமை ஏறக்குறைய இல்லாத கிளைசின் தொடங்கிய இடத்தை விட்டுப் பெரிதாக நகராது.

புரதம் கொடுத்தால்?

இரண்டு வழி. உள்ளே என்னென்ன அமினோ அமிலம் என்பது மட்டும் போதுமென்றால், 6 நார்மல் செறிவுள்ள ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில், காற்றில்லாமல் மூடிய குழாயில், 110 டிகிரியில் 24 மணி நேரம் வைத்து உடைத்துவிட்டு, அமிலத்தை ஆவியாக்கி நீக்கியபின் மேலே சொன்னபடியே ஓட்டலாம். இதில் டிரிப்டோபன் அழிந்துவிடும். அஸ்பராஜின் அஸ்பார்டிக் அமிலமாகவும் குளுட்டமின் குளுட்டமிக் அமிலமாகவும் மாறிவிடும். தாளில் அவை இல்லை என்பதற்காகப் புரதத்திலும் இல்லை என்று எழுதிவிடாதீர்கள்.

புரதத்தை முழுசாகப் பார்க்க வேண்டுமென்றால் எஸ்டிஎஸ் ஜெல், அதாவது மின்சாரம் கொடுத்துப் புரதங்களை ஒரு ஜெல்லுக்குள் நகர்த்திப் பிரிப்பது. எஸ்டிஎஸ் என்ற சோப்பு போன்ற பொருள், 1 கிராம் புரதத்துக்கு சுமார் 1.4 கிராம் என்ற கணக்கில் ஒட்டிக்கொண்டு, புரதத்தின் சொந்த மின்சுமையை மறைத்துவிடும், அப்புறம் ஜெல்லில் வேகத்தைத் தீர்மானிப்பது அளவு மட்டும்தான். மாதிரியை எஸ்டிஎஸ், மெர்காப்டோஎத்தனால், நீல சாயம் கலந்த பஃபரில் 95 டிகிரியில் 5 நிமிடம் சூடாக்கி, 12 சதவீத ஜெல்லின் குழிகளில் விட்டு, ஒரு குழியில் எடை தெரிந்த புரதங்களின் கலவையும் வைத்து, நீலக் கோடு அடியை எட்டும்வரை ஓட்டி, புரதத்தில் ஒட்டும் கூமாசி நீலம் என்ற சாயத்தில் நனைத்து, பின்புலம் வெளுக்கும்வரை அலசினால் பட்டைகள் தெரியும். ஜெல் இறுகும் முன் உள்ள அக்ரிலமைடு நரம்பு நச்சு, கையுறையில்லாமல் தொடவே கூடாது. பஃபரில் பொட்டாசியம் உப்பு அதிகமிருந்தால் எஸ்டிஎஸ் வெள்ளையாக வீழ்படிந்துவிடும், அதையும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

பட்டைகளை எண்ணும்போது ஒன்று. மெர்காப்டோஎத்தனால், புரதச் சங்கிலிகளை இணைத்து வைக்கும் டைசல்ஃபைடு பிணைப்புகளை உடைத்துவிடும் என்பதால், 150 கிலோடால்டன் (மூலக்கூறு எடையின் அலகு) எடையுள்ள எதிர்ப்புரதம் ஐஜிஜி, 50-லும் 25-லுமாக இரண்டு பட்டைகளாக வரும். மாதிரியில் இரண்டு புரதங்கள் இருக்கின்றன என்று இதற்கு அர்த்தமில்லை. சந்தேகமாக இருந்தால் அதே மாதிரியை மெர்காப்டோஎத்தனால் சேர்க்காமலும் ஒரு குழியில் ஓட்டிப் பாருங்கள், ஆனால் இரண்டுக்கும் நடுவே ஒன்றிரண்டு குழியைக் காலியாக விடுங்கள், இல்லையென்றால் மெர்காப்டோஎத்தனால் பக்கத்துக் குழிக்கும் பரவி அங்கேயும் உடைத்துவிடும்.