தொங்குகிற நரம்பை இழுக்காதீர்கள்: கடற்கரைக் காப்பகத்தில் நடக்கும் தவறுகள்

பாம்பன், மண்டபம் கரைகளில் மீன் கழிவைத் தின்று வளர்ந்த நாய், பூனைகள்தான் எங்கள் காப்பகத்துக்கு அதிகம் வரும். அதில் ஒன்றிரண்டு வாயில் தங்கூஸ் நரம்பு, அதாவது நைலான் தூண்டில் நூல், தொங்க வரும். பார்த்ததும் கை பரபரக்கும். நானும் ஒருமுறை இழுத்திருக்கிறேன். செம்பட்டைப் பூனை. ஒரு சாண் நரம்பு வந்தது, அப்புறம் ரப்பர் மாதிரி எதிர்த்தது. பூனை கழுத்தை நீட்டி ஒரு சத்தம் போட்டது பாருங்கள், அத்தோடு விட்டுவிட்டேன். எக்ஸ்ரேயில், தூண்டில் முள் இரைப்பையில் குத்தி நின்றது.

முள் நுனியில் பின்பக்கம் திரும்பிய சின்னக் கூர் உண்டு. இழுத்தால் சதையைக் கிழிக்கும். முள் இல்லாத வெறும் நரம்பும் லேசுப்பட்டதல்ல. ஒரு நுனி நாக்கடியில் சுற்றிக்கொண்டு மறுநுனி குடலுக்குள் போயிருந்தால், நாடா கோத்த பாவாடை மாதிரி குடல் சுருங்கும், நரம்பு அதை அறுத்துவிடும். ஆசனவாயில் தொங்கினாலும் இதே கதைதான். தீனி கொடுக்காமல், வாந்தி எடுக்கவைக்காமல் அப்படியே கால்நடை மருத்துவரிடம் தூக்கிப் போங்கள். எக்ஸ்ரேயில் முள் தெரியும், நைலான் தெரியாது. அதனால் நரம்பைக் கண்டதை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

வலையிலிருந்து கழித்துப்போட்ட பேத்தை மீனை (பந்துபோல ஊதிக்கொள்ளும் விஷ மீன்)க் காப்பகச் சோற்றில் சேர்க்கவே கூடாது. வேகவைத்தாலும் அதன் விஷம் போகாது, முறிவு மருந்தும் கிடையாது.

அடுத்தது மணல். மணல் தரை சுத்தமானது என்று நம் பக்கம் ஓர் எண்ணம். புதிதாக வந்த குட்டியை அன்றைக்கே மற்றக் குட்டிகளோடு அந்த மணலில் விடுவதுதான் காப்பகங்கள் செய்யும் பெரிய தவறு. நாய்க்குட்டிகளுக்கு ரத்தபேதி வரவைக்கும் பார்வோ கிருமி உடம்பில் புகுந்தபின் 14 நாள் வரைகூட வெளியே தெரியாமல் இருக்கலாம். ரத்தபேதி தெரியும்போது கூடவே விளையாடிய குட்டிகளுக்கும் தொற்றியிருக்கும். கிருமி மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும், மணலை யாராலும் கழுவ முடியாது. புதுக்குட்டிக்கு சிமென்ட் தரையில் தனி அறை, தனித் தட்டு, தனிச் செருப்பு, 14 நாள். பினாயில் வாசனை நமக்குத்தான் நிம்மதி, பார்வோவுக்கு அது ஒன்றும் செய்யாது. மலத்தை வழித்துக் கழுவியபின், ஒரு பங்கு திரவ பிளீச்சுக்கு 30 பங்கு தண்ணீர் கலந்து ஊற்றி, பத்து நிமிடம் விடுங்கள். அழுக்கின் மேலேயே ஊற்றினால் பிளீச்சும் வீண். தடுப்பூசியும் ஒன்றோடு முடிவதில்லை. குட்டிக்கு 16 வாரம் ஆகும்வரை சில வார இடைவெளியில் போட்டு வரவேண்டும்.

மருந்துப் பெட்டிக்கு வருவோம். பூனைக்குக் காய்ச்சல் என்று பாராசிட்டமால் கொடுப்பது கொலைக்குச் சமம், ஒரு மாத்திரை போதும். அதை முறிக்கும் சக்தி பூனையின் ஈரலுக்குப் போதாது. நாய்க்கான உண்ணி மருந்திலும் பெர்மெத்ரின் இருந்தால் பூனைக்கு நஞ்சு. நாயின் உண்ணிக் காய்ச்சலுக்கு டாக்டர் 28 நாள் டாக்சிசைக்ளின் என்ற கிருமிக்கொல்லி மாத்திரை எழுதியிருப்பார். ஐந்தாம் நாளே நாய் வாலாட்டிக்கொண்டு சோறு கேட்கும், நாமும் மாத்திரையை நிறுத்திவிடுவோம். அப்புறம் நோய் திரும்பும்.

புழு வைத்த புண்ணில் பெட்ரோல், மண்ணெண்ணெய் ஊற்றாதீர்கள். புழுவோடு சதையும் வெந்துபோகும். கடல் தண்ணீர் புண்ணை ஆற்றும் என்பதும் வேண்டாம், அதில் உப்பும் அதிகம், கிருமியும் உண்டு. கொதிக்கவைத்து ஆறிய ஒரு லிட்டர் நல்ல தண்ணீரில் 9 கிராம் உப்பு போட்டுக் கழுவலாம்.

கடைசியாக, கீழ்த்தாடை தொங்கி, எச்சில் வழிய நிற்கிற நாய். “எலும்பு மாட்டியிருக்கும்ணே, எடுத்துவிடுவோம்” என்று புதிதாக வரும் தம்பிகள் கையை வாய்க்குள் விடப் பார்ப்பார்கள். வெறிநோயின் ஒரு வகை கடிக்காமல் இப்படித்தான் சாதுவாக நிற்கும். கை வைக்காதீர்கள். தனியே அடைத்துவிட்டு டாக்டரைக் கூப்பிடுங்கள். எச்சில் கைக் கீறலில் பட்டிருந்தால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றைக்கே அரசு ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட்டுக்கொள்ளுங்கள்.