லீஸ் காரை டிராக்கில் இறக்குகிறவர்கள் செய்யும் தவறுகள்

ஓசூர் பக்கம் சம்பளத்தோடு சேர்த்து கார் எடுப்பது இப்போது சர்வசாதாரணம். சிப்காட்டில் வேலை பார்க்கிறவர்களும், தினமும் அத்திப்பள்ளி தாண்டி எலெக்ட்ரானிக் சிட்டி போய் வருகிறவர்களும் கம்பெனி லீஸில்தான் எடுக்கிறார்கள். மாத வாடகையைச் சம்பளத்திலேயே பிடித்துக்கொள்வார்கள். இன்ஷூரன்ஸ், சர்வீஸ் எல்லாம் பெரும்பாலும் அதற்குள்ளேயே அடக்கம். கையிலிருந்து பெரிதாக ஒன்றும் போகாமல் டர்போ வண்டி வாசலுக்கு வந்துவிடுகிறது. வண்டி வாசம் போவதற்குள் பையன் என் பட்டறையில் நிற்பான். "அண்ணா, டிராக் டே போறோம். பிரேக் பேட் மட்டும் நல்லதா மாத்திக் குடுங்க." அவரவர் வண்டியைப் பந்தயத் தடத்தில் கொண்டுபோய் வேகமாக ஓட்டிப் பார்க்கும் நாள்தான் டிராக் டே.

எங்கள் செட்டு முதலில் டிராக்குக்குப் போனபோது அடித்த கூத்தையேதான் இவர்களும் அடிக்கிறார்கள். ஒரே வித்தியாசம், நாங்கள் கொண்டுபோனது கடன் அடைந்த பழைய வண்டிகள். போனால் நம்மோடு போயிற்று. லீஸ் வண்டியில் அந்தச் சலுகை கிடையாது.

ஹெல்மெட் போடு, தண்ணீர் பாட்டிலைக் காலடியில் உருள விடாதே என்பதெல்லாம் காலையில் அங்கே நடக்கும் பிரீஃபிங்கிலேயே சொல்லிவிடுவார்கள். அதை இங்கே எழுதப் போவதில்லை.

வண்டி யாருடையது என்று பார்க்காமல் போவது

ஆர்.சி.யை எடுத்துப் பாருங்கள். உரிமையாளர் பெயரில் குத்தகை நிறுவனம் இருக்கும். இல்லாவிட்டால் நீங்கள் வேலை பார்க்கும் கம்பெனி பெயர் இருந்து, கீழே லீஸ் என்று பதிவாகியிருக்கும். மாதாமாதம் பணம் கட்டுகிறோம் என்பதற்காக வண்டி நம்முடையது ஆகிவிடாது. பந்தயம், ராலி, வேகச் சோதனைக்கு வண்டியைக் கொண்டுபோகக் கூடாது என்று குத்தகை ஒப்பந்தத்தில் பொதுவாக ஒரு வரி இருக்கும். கையெழுத்துப் போட்ட யாரும் அதைப் படித்திருக்க மாட்டார்கள்.

எது நடந்தாலும் பொறுப்பு நம்முடையது என்று எழுதி வாங்க டிராக்கில் ஒரு படிவம் நீட்டுவார்கள். அதிலும் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். "நான் உரிமையாளர், அல்லது உரிமையாளரின் அனுமதி பெற்றவன்" என்று ஒரு வரி அதில் இருந்தால், நீங்கள் எழுத்தில் பொய் சொல்கிறீர்கள்.

"இன்ஷூரன்ஸ் இருக்குல்லண்ணா"

இதைக் கேட்டாலே எனக்கு இன்னும் எரிச்சல் வருகிறது.

நம் ஊர் தனியார் கார் பாலிசி எந்தக் கம்பெனியுடையதாக இருந்தாலும் வாசகம் ஏறக்குறைய ஒன்றுதான். ஷெட்யூலில், வண்டியை எதற்கெல்லாம் பயன்படுத்தலாம் என்ற இடத்தில் ஒரு பட்டியல் இருக்கும். வாடகைக்கு விடுவது, சரக்கு ஏற்றுவது, ஏற்பாடு செய்யப்பட்ட பந்தயம், வேகச் சோதனை, நம்பகத்தன்மைச் சோதனை ஆகியவற்றுக்குக் காப்பு கிடையாது. பம்பர் டு பம்பர் போட்டிருந்தாலும் இதே கதைதான். அந்தக் கூடுதல் காப்பு தேய்மானக் கழிவை மட்டும்தான் நீக்கும். தடை செய்த உபயோகத்தைத் திறந்துவிடாது.

உடனே பதில் வரும்: "டிராக் டே ரேஸ் இல்லையேண்ணா, யாரும் பரிசு குடுக்கலையே." சரி, பந்தயம் இல்லை என்றே வைத்துக்கொள்வோம். போனில் லேப் டைமர் ஓடவிட்டு, நேற்றைவிட இரண்டு செகண்ட் குறைத்தேன் என்று ஸ்டேட்டஸ் போட்டிருக்கிறாயே, அதற்கு வேகச் சோதனை என்பதைத் தவிர வேறு என்ன பெயர்? இதை நுகர்வோர் கோர்ட் வரை இழுத்து வாதாடலாம். அதுவரை லீஸ் வாடகை நிற்காது.

இதற்கும் மேலே ஒரு தவறு உண்டு. டிராக்கில் இடித்த வண்டியை ரோட்டில் இடித்ததாகச் சொல்வது.

எனக்குத் தெரிந்த பையன் ஒருவன், ஓசூரில்தான் வேலை. மதியச் செஷனில், நீண்ட ஸ்ட்ரெய்ட் முடிகிற இடத்தில் பிரேக் பெடல் பிடிக்காமல் உள்ளே போய்விட்டது. வண்டி கிராவலில் இறங்கி டயர் சுவரில் முட்டியது. முன்பக்க ஏர்பேக் இரண்டும் வெடித்தன. ஆளுக்கு ஒன்றும் இல்லை. கூட வந்தவர்கள் அங்கேயே கதை ஜோடித்துவிட்டார்கள்: வாலாஜா தாண்டி வரும்போது மாடு குறுக்கே வந்தது, திருப்பினேன், தடுப்பில் மோதினேன். ராத்திரியோடு ராத்திரியாக ஃபிளாட்பெட்டில் ஏற்றி என் பட்டறை வாசலுக்கே கொண்டுவந்துவிட்டார்கள்.

"அண்ணா, எஸ்டிமேட்ல ரோடு ஆக்சிடென்ட்னு மட்டும் எழுதிக் குடுங்க."

முடியாது என்றேன். அதில் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. வேறு இடத்தில் எழுதி வாங்கிக் கிளெய்ம் போட்டான்.

இன்ஷூரன்ஸ் சர்வேயர் பெரிதாக ஒன்றும் துப்பறியவில்லை. வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்தார். முன்பம்பரில் சின்ன மூடியைக் கழற்றி, கயிறு கட்டி இழுக்கும் கொக்கியைத் திருகி மாட்டியிருந்தார்கள். டிராக்கில் அது கட்டாயம் என்பதால் காலையில் மாட்டியது. கழற்ற மறந்துவிட்டார்கள். கொக்கியை வெளியே நீட்டிக்கொண்டு ஹைவேயில் வண்டி ஓட்டுகிறவர் யார்? கதவில் நம்பர் ஸ்டிக்கர் உரித்த இடத்தில் சதுரமாகப் பசை. அதில் மட்டும் புழுதி ஒட்டியிருந்தது. ஹெட்லைட்டில் மாஸ்கிங் டேப்பின் ஓரம். அடித்தட்டைக் கழற்றியதும் ஒரே மாதிரி உருண்டைக் கற்கள் கொட்டின. பிரேக் டிஸ்க் நீலம் பாரித்துக் கிடந்தது. மாட்டைப் பார்த்து ஒரு தடவை பிரேக் அடித்தால் டிஸ்க் நீலமாகாது.

கிளெய்ம் தள்ளுபடி. அதோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. சொந்த வண்டியில் பொய் சொன்னால் நம் பொய் நம்மோடு. லீஸ் வண்டியில் பணம் போக வேண்டிய இடம் குத்தகை நிறுவனம். வண்டி முழுதாகப் போனால் இழப்பீடு அவர்களுக்குத்தான் சேரும். ஆக, அவர்களுடைய சொத்தை வைத்து நீங்கள் பொய்க் கணக்கு எழுதியிருக்கிறீர்கள். அவர்கள் நேராக முதலாளிக்கு எழுதினார்கள். ஹெச்.ஆர். கூப்பிட்டு விசாரித்தது. குத்தகையை முன்கூட்டி முடிக்கும் தொகை, மீதி மதிப்பு, ரிப்பேர் எல்லாம் அவன் தலையில். அப்பா தர்மபுரி பக்கம் இருந்த நிலத்தின் பேரில் கடன் வாங்கித்தான் முடித்தார். அன்று சாயந்திரமே நிறுவனத்துக்குப் போன் போட்டு நடந்ததைச் சொல்லியிருந்தால், பணம்தான் போயிருக்கும். வேலைக்குச் சிக்கல் வந்திருக்காது.

அடிபட்டால்?

உரிமையாளரே ஓட்டினால் 15 லட்ச ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பு உண்டு என்று எல்லோருக்கும் தெரியும். உரிமையாளர் ஒரு கம்பெனியாக இருந்தால் அந்தக் காப்பே கொடுக்க மாட்டார்கள். ஆர்.சி.யில் உங்கள் பெயர் இல்லையென்றால், அந்த 15 லட்சத்தை மனக்கணக்கில் வைக்காதீர்கள். தனியாக எடுத்த விபத்துப் பாலிசியிலும் பந்தயத்துக்கு விலக்கு இருக்கிறதா என்று பாருங்கள்.

பேட் மாற்றினால் போதும் என்று நினைப்பது

வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் விழுங்க வேண்டிய சக்தி நான்கு மடங்கு. 140-லிருந்து 60-க்கு இறக்கி, மூச்சு விடுவதற்குள் அடுத்த வளைவில் மறுபடி இறக்கும்போது டிஸ்க் ஆறுவதற்கு நேரமே கிடைக்காது. சென்னைப் பக்கம் இருங்காட்டுக்கோட்டை டிராக் 3.7 கிலோமீட்டர், கோயம்புத்தூர் பக்கம் செட்டிப்பாளையம் கரி ஸ்பீட்வே 2.1 கிலோமீட்டர்தான். சின்ன டிராக், வேகம் குறைவு, பிரேக் தப்பிக்கும் என்று நினைக்கிறார்கள். அங்கே வளைவுகள் அடுத்தடுத்து வருவதால் சூடு இறங்கவே இறங்காது. கோயம்புத்தூர் போகும் வழியில் தொப்பூர் இறக்கத்தில் லாரிச் சக்கரத்திலிருந்து புகை வருவதைப் பார்த்திருப்பீர்கள். உங்கள் வண்டியிலும் நடப்பது அதேதான், புகை கண்ணில் படாது.

பேடை விடுங்கள், முதலில் பிரேக் ஆயிலைப் பாருங்கள். டாட் 4 என்ற தரத்திலுள்ள ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிய பிறகு அந்த வரம்பு 155-க்கு இறங்கிவிடும். கொதித்தால் குழாயில் ஆவி. ஆவியை அழுத்தினால் பெடல் தரைக்குப் போகும். லீஸ் வண்டிக்கு ஆயில் அட்டவணைப்படிதான் மாறும், நீங்கள் டிராக்குக்குப் போகிறீர்கள் என்று சர்வீஸ் சென்டருக்குத் தெரியாது. வெளியில் மாற்றினால் வாரன்டி கேள்வி வரும். இந்த இழுபறிக்கு நடுவில்தான் பையன்கள் பழைய ஆயிலோடு கிளம்பிவிடுகிறார்கள்.

டயர்

வளைவில் அழுத்தி ஓட்டினால் முன்டயரின் வெளித்தோள் மட்டும் மழுங்கி, ரப்பர் சுருள் சுருளாக உரியும். நடுவில் பட்டன் அப்படியே இருக்கும். திருப்பித் தரும்போது ஆய்வு செய்கிறவர் அதைத்தான் முதலில் தடவிப் பார்ப்பார்.

காற்றை ஓடி வந்த சூட்டில் அளந்து குறையுங்கள். வீட்டுக்குக் கிளம்புமுன் மறக்காமல் திரும்ப ஏற்றுங்கள்.

கைப்பிரேக்

சூட்டோடு போடாதீர்கள். கியரில் நிறுத்தி, கட்டை வையுங்கள்.

ரீமேப்

பவர் கூட்ட எஞ்சின் கம்ப்யூட்டரின் புரோகிராமை மாற்றுவது, அதுவும் லீஸ் வண்டியிலா? வேண்டாம்.

டிராக் வேண்டாம், ரோட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம் என்பது

இன்ஷூரன்ஸ் கதையைக் கேட்டுப் பயந்தவர்கள் அடுத்துப் போகும் இடம், விடியற்காலை கிருஷ்ணகிரி–ஓசூர் ரோடு. இது இன்னும் மோசம். பொது இடத்தில் அனுமதியில்லாமல் பந்தயம், வேகச் சோதனை என்றால் மோட்டார் வாகனச் சட்டம் 189-ஆவது பிரிவு: முதல் தடவை 3 மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். சூளகிரிப் பக்கம் டிராக்டர் எதிர்த்திசையில் வரும் என்பது உள்ளூர்க்காரனுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

திரும்பி வரும் வழி

இருங்காட்டுக்கோட்டையிலிருந்து கிருஷ்ணகிரிக்கு 200 கிலோமீட்டருக்கு மேல். கொதித்த ஆயில், தேய்ந்த பேட், ஆறு மணி நேரம் வெயிலில் நின்ற ஆள். ஆம்பூரில் பிரியாணி சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்தால் கண் சொக்கும். பெடல் காலையில் இருந்த மாதிரி இல்லையென்றால் அங்கேயே வண்டியைப் போட்டுவிட்டு பஸ் ஏறுங்கள். வீல் நட்டுகளை டிராக்கை விட்டு வெளியே வருமுன் ஒரு தடவை இறுக்கிப் பாருங்கள்.

சரி, ஆசை விடவில்லை என்றால்

குத்தகை நிறுவனத்துக்கு ஒரு மெயில் போடுங்கள், டிராக் டே என்று பெயர் சொல்லியே. அனுமதி எழுத்தில் வந்தால் மேலே யோசிக்கலாம், பெரும்பாலும் வராது. போனில் "பார்த்துக்கலாம் சார்" என்று கஸ்டமர் கேர் சொன்னது அனுமதி ஆகாது. டிராக்குக்கான தனிக் காப்பு உண்டா என்று டிராக் டே நடத்துகிறவர்களிடம் கேளுங்கள். உண்டு என்றால் அது உங்களுக்கா, வண்டிக்கா என்று பாலிசியை வாங்கிப் படியுங்கள்.

என்னைக் கேட்டால், லீஸ் வண்டியை ஆபீஸ் வாசலில் நிறுத்திவிட்டு, டிராக்கில் நடக்கும் ரேஸிங் ஸ்கூலில் அவர்கள் வண்டியிலேயே ஓட்டக் கற்றுக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகும் ஆசை இருந்தால் பழைய ஹேட்ச்பேக் ஒன்றை உங்கள் பெயரிலேயே வாங்குங்கள். நாலு டயர், புது ஆயில், பேட் போட்டு என்னிடம் கொண்டுவாருங்கள், மிச்சத்தை நான் பார்த்துக் கொடுக்கிறேன். அதற்கும் டிராக்கில் இன்ஷூரன்ஸ் கிடையாதுதான். ஆனால் இடித்தால் யாருக்கும் பதில் சொல்ல வேண்டாம், வீட்டுக்காரம்மாவைத் தவிர.