செக்கு எண்ணெய்க்கு ஒரு வாட்ஸ்அப் குழு: வாங்குபவர் நம்பிச் சேர்ந்து நிலைத்திருக்க

மரச்செக்கு எண்ணெய் விற்பவர்கள் எல்லோரும் இணையத்தில் ஒரே சொற்களைத்தான் எழுதுகிறார்கள்: சுத்தமானது, பாரம்பரியமானது, கலப்படம் இல்லாதது. பாமாயில் கலப்பவரும் அதையேதான் எழுதுகிறார். வீட்டில் இருப்பவரால் பாட்டிலைப் பார்த்து இரண்டையும் பிரித்தறிய முடியாது. ஆகவே அந்தச் சொற்களை ஓரம் வைத்துவிட்டு, வாங்குபவர் தாமே சரிபார்க்கக்கூடிய விவரங்களைக் கொடுங்கள். அதற்குப் பத்தாயிரம் ஃபாலோயர்கள் வேண்டாம். கேள்வி கேட்கும் நூறு வீடுகள் போதும்.

விலைக் கணக்கைத் திறந்து காட்டுங்கள்

ஒரு லிட்டர் கடலை எண்ணெய்க்குச் செக்கில் ஏறக்குறைய இரண்டேகால் முதல் இரண்டரை கிலோ கடலைப்பருப்பு வேண்டும். பருப்பு கிலோ 130 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், இரண்டரை கிலோவுக்கு 325 ரூபாய். சுமார் ஒன்றரை கிலோ புண்ணாக்கு மிஞ்சும். கிலோ 40 ரூபாய்க்குப் போனால் 60 ரூபாய் திரும்பி வரும். மிச்சம் 265. இதன்மேல் ஆட்டுக்கூலி, கரண்ட், பாட்டில், லேபிள், உங்கள் லாபம். இந்தக் கணக்கை உங்கள் ஊரின் அன்றைய விலையைப் போட்டு எழுதி, குழுவில் பின் செய்து வையுங்கள். அதைப் படித்த பிறகு, 'செக்கு எண்ணெய் லிட்டர் 180' என்று வேறெங்காவது விளம்பரம் பார்த்தால், என்ன கேட்க வேண்டும் என்று அவர்களுக்கே தெரிந்துவிடும். போட்டியாளர் பெயரை நீங்கள் எடுக்கவே வேண்டியதில்லை.

கிலோவா லிட்டரா என்பதையும் தெளிவாகச் சொல்லுங்கள். ஒரு லிட்டர் எண்ணெயின் எடை சுமார் 910 கிராம்தான். எடையில் விற்பவருக்கும் அளவில் விற்பவருக்கும் கிட்டத்தட்ட பத்து சதவீத வித்தியாசம் வரும். பாட்டிலில் இரண்டையும் அச்சிட்டால் இந்தச் சந்தேகமே எழாது.

உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ தரும் 14 இலக்க எண்ணைக் குழுவின் விளக்கப் பகுதியில் போடுங்கள். உரல் கல்லா மரமா, உலக்கை மட்டும்தான் வாகை மரமா என்பதை உள்ளபடி எழுதுங்கள். கல் உரலில் மர உலக்கை வைத்து ஆட்டிவிட்டு 'முழுக்க மரம்' என்று போட்டால், ஆலைக்கு வருகிற முதல் ஆள் அதைக் கண்டுபிடித்துவிடுவார்.

யாரைச் சேர்ப்பது, எப்படிச் சேர்ப்பது

இரண்டு தடவையாவது உங்களிடம் வாங்கியவர்களில் 30 முதல் 50 பேரோடு தொடங்குங்கள். ஒவ்வொருவரிடமும் தனியாகக் கேளுங்கள்: "அக்கா, எப்போ ஆட்டுறோம், என்ன விலைன்னு சொல்ல ஒரு குழு வெச்சிருக்கோம். வாரத்துக்கு ரெண்டு மூணு மெசேஜ்தான் வரும். சேர்க்கட்டுங்களா?" சரி என்றவர்களை மட்டும் சேருங்கள். கல்யாண மொய் நோட்டிலும் கூரியர் பட்டியலிலும் கிடைத்த எண்களை அள்ளிப் போட்டால், பாதிப்பேர் வெளியேறுவார்கள், சிலர் ஸ்பேம் என்று புகாரும் கொடுப்பார்கள். புகார்கள் சேர்ந்தால் வாட்ஸ்அப் உங்கள் எண்ணையே முடக்கிவிடும். வியாபார எண் போனால் பழைய ஆர்டர் விவரங்களையும் வாடிக்கையாளரையும் திரும்பப் பிடிப்பது பெரும்பாடு.

எந்த வடிவம் என்பதையும் யோசித்துத் தேர்ந்தெடுங்கள். ஒரே செய்தியை ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக அனுப்பும் பிராட்காஸ்ட் பட்டியலில் 256 பேர்தான், அதிலும் உங்கள் எண்ணைத் தங்கள் போனில் சேமித்தவருக்கு மட்டுமே செய்தி போகும். சாதாரணக் குழுவில் 1024 பேர் வரை இருக்கலாம், ஆனால் ஒருவர் எண் மற்றவருக்குத் தெரியும். பெண்கள் அதிகமாக இருக்கும் குழுவில் இது சின்ன விஷயமில்லை. முன்பின் தெரியாத ஆள் இரவில் 'ஹாய்' அனுப்பினால், அந்த அம்மா குழுவோடு சேர்த்து உங்களையும் விட்டுவிடுவார். அதனால் பல குழுக்களை ஒன்றாகச் சேர்த்து வைக்கும் வாட்ஸ்அப்பின் கம்யூனிட்டி வசதியைப் பயன்படுத்துங்கள். அதன் அறிவிப்புக் குழுவில் உறுப்பினர் எண்கள் மற்ற உறுப்பினர்களுக்குத் தெரியாது. பேச விரும்புகிறவர்களுக்கு மட்டும் தனியே ஓர் உரையாடல் குழு வையுங்கள். அதில் சேருவதற்கு முன், எண் பிறருக்குத் தெரியும் என்பதைச் சொல்லிவிடுங்கள்.

சேர்ந்தால் ஒரு லிட்டர் இலவசம், பத்துப் பேரைச் சேர்த்தால் பரிசு என்றெல்லாம் ஆரம்பிக்காதீர்கள். பரிசுக்கு வந்தவர் பரிசோடு போய்விடுவார். அந்தக் கூட்டத்துக்கு நடுவே உண்மையான கேள்வியும் அமுங்கிப்போகும். இன்ஸ்டாகிராமில் காசு கொடுத்து வாங்கும் ஃபாலோயர்களும் இதே தொல்லைதான். அவர்கள் பதிவைப் பார்ப்பதும் இல்லை, பதில் போடுவதும் இல்லை. பதில் வராத பதிவை இன்ஸ்டாகிராம் மற்றவர்களுக்கும் குறைவாகவே காட்டும்.

என்ன போடுவது

குழுவின் முதுகெலும்பு, செக்கு ஆட்டியதைப் பற்றிய குறிப்பு. ஒவ்வொரு முறை ஆட்டும்போதும் ஒரே மாதிரி ஐந்து வரி: தேதி, என்ன வித்து, எங்கே வாங்கியது, எத்தனை கிலோ போட்டு எத்தனை லிட்டர் வந்தது, பாட்டிலின் தொகுதி எண் (பேட்ச் நம்பர்). எள் சிவகிரி ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்து ஏலத்தில் எடுத்தது என்றால் அதன் ரசீதைப் படம் எடுத்துப் போடுங்கள். பெருந்துறைச் சங்கத்து ஏலக் கொப்பரை என்றாலும் அப்படியே. வியாபாரியிடம் மூட்டையாக வாங்கியிருந்தால் அதையும் உள்ளபடி எழுதுங்கள். அதில் குறைச்சல் ஒன்றுமில்லை. தொகுதி எண் இருந்தால், புகார் வரும்போது எந்த ஆட்டில் கோளாறு என்று நீங்களும் பிடித்துவிடலாம்.

வாரம் ஒரு வீடியோ போதும், 40 முதல் 60 நொடி. போனை ஸ்டாண்டில் நிறுத்தி ஒரே ஷாட்டாக எடுங்கள். பின்னணிப் பாட்டு வேண்டாம், செக்கு சுற்றும் சத்தமே கேட்கட்டும். வெட்டி ஒட்டிய வீடியோவில் பருப்பு போடுவதும் எண்ணெய் வழிவதும் தனித்தனியாக வந்தால் சந்தேகம் தீராது.

எதைச் சொல்லக்கூடாது என்பதில் கறாராக இருங்கள். 'கொலஸ்ட்ரால் இல்லாத எண்ணெய்' என்ற வரி வேண்டாம், தாவர எண்ணெய் எதிலுமே அது சொல்லும்படியாகக் கிடையாது. 'சூடே ஏறாது' என்றும் எழுதாதீர்கள், செக்கில் அரைபடும்போது கொஞ்சம் சூடு வரத்தான் செய்யும். சர்க்கரை குறையும், மூட்டுவலி போகும் என்பவை அறவே கூடாது. உணவு விளம்பரங்களுக்கான 2018ஆம் ஆண்டு எஃப்எஸ்எஸ்ஏஐ விதிமுறைகள் நோய் தீர்க்கும் வாக்குறுதிகளைத் தடுக்கின்றன. இயற்கை, சுத்தம், பாரம்பரியம், ஒரிஜினல் போன்ற சொற்களுக்குக்கூட அதில் நிபந்தனைகள் உண்டு.

புகார் வந்தால்

குழு நிலைக்குமா உடையுமா என்பது இங்கேதான் முடிவாகிறது. புகார் மெசேஜை அழிக்காதீர்கள். இரண்டு மணி நேரத்துக்குள், அதே குழுவில், எல்லோரும் பார்க்கப் பதில் சொல்லுங்கள். பணம், முகவரி சம்பந்தப்பட்டதை மட்டும் தனிச்செய்திக்கு மாற்றுங்கள். முடிந்ததும் என்ன செய்தோம் என்று குழுவில் ஒரு வரி.

திரும்பத் திரும்ப வரும் கேள்விகள் சிலதான். அடியில் மண்டி நிற்கிறது என்பார்கள். அது ரீஃபைன் செய்யாத எண்ணெயில் தங்கும் நுண்துகள், தெளிய வைத்த நாட்கள் போதவில்லை என்றால் கூடுதலாகத் தெரியும். மார்கழியில் தேங்காய் எண்ணெய் உறைந்துவிட்டது என்பார்கள். ஏறக்குறைய 24 டிகிரிக்குக் கீழே போனால் அது உறையும். கருப்பட்டி சேர்த்து ஆட்டிய நல்லெண்ணெயைச் சர்க்கரை நோயாளி சாப்பிடலாமா என்று கேட்டால், கருப்பட்டி எண்ணெயில் கரையாது, புண்ணாக்கோடு போய்விடும் என்பதைச் சொல்லுங்கள். சாப்பாட்டு அளவை அவருடைய மருத்துவரிடம் விட்டுவிடுங்கள். 'ஃப்ரிட்ஜில் வைத்தேன், இறுகிவிட்டது, கலப்படம்' என்று யாராவது ஃபார்வர்டு போட்டால் கோபப்படாதீர்கள். கடலை எண்ணெயும் ஃப்ரிட்ஜில் கலங்கிக் கெட்டிப்படும், அந்தச் சோதனையால் கலப்படம் தெரியாது என்று பொறுமையாக விளக்குங்கள்.

சிக்கு வாடை அடித்தால் விஷயமே வேறு. அங்கே விளக்கம் சொல்லி மழுப்பக் கூடாது. பழைய பருப்போ சரியாகக் காயாத கொப்பரையோ உள்ளே போயிருக்கிறது, அல்லது பாட்டில் வெயிலில் கிடந்திருக்கிறது. அந்தத் தொகுதி எண்ணைக் குழுவில் அறிவித்து, வாங்கிய எல்லோரிடமும் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள், புகார் சொல்லாதவர்களிடமும். பத்து லிட்டர் நஷ்டமாகும். ஆனால் இதைப் பார்த்தவர்கள்தான் அடுத்த பத்து வருடத்துக்கு உங்கள் வாடிக்கையாளர்கள்.

விமர்சனமும் விளம்பரமும்

கூகுளில் ஐந்து நட்சத்திரம் போட்டால் தள்ளுபடி என்று கொடுக்காதீர்கள், கூகுள் விதிப்படியே அது தடை. பாட்டில் தீரும் சமயம் மூன்று கேள்வி கேளுங்கள்: எதற்குப் பயன்படுத்தினீர்கள், என்ன பிடிக்கவில்லை, மறுபடி வாங்குவீர்களா? நடுக் கேள்விதான் முக்கியம். பதிலைப் பகிர அனுமதி வாங்கி, பெயரையும் எண்ணையும் மறைத்துப் போடுங்கள். குறை சொன்னதை வெட்டிவிட்டுப் புகழ்ச்சியை மட்டும் போடாதீர்கள்.

யூடியூபருக்குப் பணமோ இலவசமாக எண்ணெயோ கொடுத்தால், அவர் அதைச் சொல்லியாக வேண்டும். விளம்பரத் தர மன்றமான ஆஸ்கியின் வழிகாட்டுதல் 2021இலும், நுகர்வோர் விவகாரத் துறையின் வழிகாட்டுதல் 2023 ஜனவரியிலும் வந்தன. தமிழ் வீடியோ என்றால் தமிழிலேயே 'விளம்பரம்' என்று தொடக்கத்தில் தெரியும்படி போடச் சொல்லுங்கள். தவறான விளம்பரத்துக்கு 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம்.

குழுவைப் பார்த்துக்கொள்வது

காலை வணக்கம், அரசியல், அடுத்தவர் வியாபாரம், சரிபார்க்காத மருத்துவக் குறிப்பு, இந்த நான்கும் கூடாது என்று முதல் நாளே எழுதுங்கள். மீறினால் ஒரு முறை தனியாகச் சொல்லுங்கள், இரண்டாம் முறை நீக்குங்கள். சொந்தக்காரர் என்று விட்டுவைத்தால் விதி அன்றே செத்துவிடும்.

மாதம் ஒரு முறை ஒரே ஒரு எண்ணிக்கை எடுங்கள்: கடந்த 90 நாளில் வாங்கியவர்களில் எத்தனை வீடு மறுபடி வாங்கியது? குழுவில் 400 பேர் இருந்தும் இது சரிகிறது என்றால், புது ஆள் சேர்ப்பதை நிறுத்திவிட்டு, விட்டுப்போன பத்துப் பேருக்குப் போன் போட்டுக் காரணம் கேளுங்கள். ஓர் உறுப்பினரின் கேள்விக்கு இன்னோர் உறுப்பினர் உங்களுக்கு முன்பாகவே பதில் சொல்லத் தொடங்கினால், குழு வேர் பிடித்துவிட்டது.

விலை ஏறப் போகிறது என்றால் ஒரு வாரம் முன்னதாக, பழைய கணக்கையும் புதிய கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டு அறிவியுங்கள். தீபாவளிக்கு முன் எவ்வளவு ஆட்டுவது என்பதைக் குழுவிலேயே வாக்கெடுப்பு வைத்து முடிவு செய்யலாம். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆலையைத் திறந்துவிடுங்கள். சொந்தக் கடலையோ எள்ளோ கொண்டுவருபவருக்குக் கூலிக்கு ஆட்டிக் கொடுங்கள். ஒரு ஆட்டுக்குக் குறைந்தது எத்தனை கிலோ வேண்டும் என்பதை முன்கூட்டியே சொல்லி, நேரம் ஒதுக்கி, ஈரமில்லாத தூக்குச்சட்டியோ கேனோ எடுத்துவரச் சொல்லுங்கள்.