டாவ்கியின் உம்ங்கோட் ஆறு: எல்லையோரத்தில் ஓரிரவு தங்கிப் பார்ப்பது எப்படி?

மேகாலயாவின் தென்விளிம்பில், மலைத்தொடர் சட்டென்று இறங்கி வங்கதேசச் சமவெளியில் முடியும் இடத்தில் இருக்கும் சிற்றூர் டாவ்கி. அதை ஒட்டி ஓடும் உம்ங்கோட் ஆற்றில் படகு அந்தரத்தில் நிற்பதுபோலத் தோன்றும் படம் ஒன்றை 2021 நவம்பரில் மத்திய ஜல்சக்தி அமைச்சகம் வெளியிட்ட பிறகு, ஏற்கெனவே வந்துகொண்டிருந்த கூட்டம் இன்னும் பெருகியது. வருகிறவர்களில் பெரும்பாலோர் ஷில்லாங்கிலிருந்து காலையில் கிளம்பி, சிறிது நேரம் படகில் சுற்றிவிட்டு, இரவுக்குள் திரும்பிவிடுகிறார்கள். ஏறத்தாழ 80 கிலோமீட்டர் மலைப்பாதையில் போய்வரவே பகலின் பெரும்பகுதி செலவாகிவிடுவதால், ஆற்றைப் பார்த்ததைவிடக் காரின் முன்னிருக்கையைப் பார்த்ததே அதிகமாக இருக்கும். ஆகவே ஓரிரவாவது ஆற்றங்கரையில் தங்கும்படி பயணத்தைத் திட்டமிடுவதே முறை. அதற்கு நேரமில்லை என்றால், ஷில்லாங்கைச் சுற்றியே பார்க்க நிறைய இருக்கிறது.

முதலில் பருவம். நவம்பர் நடுவிலிருந்து பிப்ரவரி முடியும்வரை நீர் தெளிந்திருக்கும். உலகிலேயே மிக அதிகமாக மழை பெய்யும் மவ்சின்ராமும் சிரபுஞ்சியும் இதே மலைச்சரிவில்தான் உள்ளன என்பதை நினைவில் வைத்துக்கொண்டால், ஜூன் முதல் செப்டம்பர் வரை ஆறு என்ன நிறத்தில், என்ன வேகத்தில் ஓடும் என்பதை யாரும் விளக்க வேண்டியதில்லை. கோடைமழை தொடங்கிவிட்டால் ஏப்ரலிலேயே கலங்கிவிடுவதும் உண்டு. குளிர்காலம் என்பதாலேயே தெளிவு உறுதி என்றும் சொல்வதற்கில்லை. மலையை வெட்டிச் சாலை அகலப்படுத்தும்போது மண் சரிந்து ஆற்றில் கலப்பதால், பருவத்தின் நடுவிலும் நீர் கலங்கியதாகச் செய்திகள் வந்திருக்கின்றன. எனவே முன்பதிவுக்கு முன் தங்குமிடத்தாரைத் தொலைபேசியில் அழைத்து, அன்றைய தேதியில் நீர் எப்படி இருக்கிறது என்று நேரடியாகக் கேட்டுவிடுங்கள். முடிந்தால் அன்று எடுத்த படம் ஒன்றையும் அனுப்பச் சொல்லுங்கள்.

சென்னையிலிருந்து விமானத்தில் குவாஹாட்டி செல்வது எளிது. ரயிலை விரும்புகிறவர்கள் கன்னியாகுமரியிலிருந்து கோவை, ஈரோடு, சேலம், காட்பாடி வழியாக திப்ருகர் வரை ஓடும் விவேக் எக்ஸ்பிரஸில் ஏறி குவாஹாட்டியில் இறங்கலாம். நாட்டின் மிக நீண்ட தூர ரயில் என்பதால், அதில் பொழுது போக்கும் பொறுமையும் வேண்டும். குவாஹாட்டியிலிருந்து ஷில்லாங் சுமார் 100 கிலோமீட்டர்; பகிர்வு சுமோக்களும் டாக்ஸிகளும் கிடைக்கும். அருணாசலம், நாகாலாந்து போலன்றி, மேகாலயாவுக்குள் செல்ல இந்தியர்களுக்கு உள்நுழைவு அனுமதிச் சீட்டு தேவையில்லை. ஆனாலும் எல்லைப் பகுதி என்பதால் ஆதாரோ வாக்காளர் அட்டையோ கையில் இருக்க வேண்டும்.

ஷில்லாங்கின் படா பஜாரிலிருந்து டாவ்கிக்குப் பகிர்வு வண்டிகள் காலை நேரத்தில்தான் நம்பகமாகக் கிடைக்கும். தென்னாட்டிலிருந்து போகிறவர்கள் கணக்கிடத் தவறுவது சூரியனை. டிசம்பரில் அங்கே மாலை நாலரை மணியளவிலேயே பொழுது சாய்ந்துவிடும். நம் ஊர் வழக்கப்படி ஆறு மணிக்கு ஊர் சேரலாம் என்று கிளம்பினால், வழியிலுள்ள பைனுர்ஸ்லா ஊருக்கு அப்பால் பனிமூட்டமும் வளைவுகளுமான இறக்கத்தை இருட்டில்தான் கடக்க நேரிடும். முற்பகலிலேயே டாவ்கியை எட்டுவது நல்லது. ஊருக்குள் நுழையும்போது ஆங்கிலேயர் காலத்தில், 1932இல் கட்டப்பட்ட தொங்குபாலம் வரும். ஒரு நேரத்தில் ஒரு திசை வண்டிகள் மட்டுமே செல்லக்கூடிய குறுகிய பாலம் அது. அதன்மேல் வண்டியை நிறுத்தவோ படம் எடுக்கவோ முயலாதீர்கள்.

பாலத்திலிருந்து ஆற்றின் கீழ்ப்போக்கில் சிறிது தூரத்தில் வங்கதேச எல்லை. 1947க்கு முன்பு இந்த மலைமக்கள் ஆரஞ்சு, பாக்கு, வெற்றிலை, சுண்ணாம்புக்கல் ஆகியவற்றை இறக்கி விற்றது கீழே சமவெளியிலுள்ள சில்ஹெட் சந்தைகளில்தான். சில்ஹெட் பொதுவாக்கெடுப்பின் வழியாகக் பாகிஸ்தானின் கிழக்குப் பகுதியோடு சேர்ந்தபோது மலை ஒரு நாட்டிலும் அதன் சந்தை வேறு நாட்டிலுமாகப் பிரிந்தன. இன்றும் டாவ்கி–தமாபில் சோதனைச் சாவடி வழியே சரக்கு லாரிகள் வரிசை கட்டிச் செல்வதைக் காணலாம். ஆற்றோரத்தில் வேலி கிடையாது. கூழாங்கல் மேட்டில் இந்தப் பக்கம் எல்லைப் பாதுகாப்புப் படை வீரர்கள், அந்தப் பக்கம் ஜாஃப்லாங் என்னும் சுற்றுலாத் தலத்தைக் காண வந்த வங்கதேசப் பயணிகள் என்று சில அடி இடைவெளியில் நிற்பார்கள். பேசலாம், கையசைக்கலாம். வீரர் கைகாட்டும் கோட்டைத் தாண்டி ஒரு அடி வைப்பதும் சட்டப்படி எல்லை கடப்பதே; குழந்தைகளை ஓடவிடாதீர்கள், டிரோனை வெளியே எடுக்கவே வேண்டாம். உங்கள் கைப்பேசி அக்கரைக் கோபுரத்தைப் பிடித்துக்கொண்டால் கடிகாரம் அரைமணி நேரம் முன்னே தாவிவிடும். சர்வதேச ரோமிங்கை முன்கூட்டியே அணைத்து, நேரத்தைக் கையால் அமைத்துவிடுங்கள். இந்த இடத்துக்கு ஒரு மணி நேரம் போதும்.

தங்குவதற்கு டாவ்கியைவிட, ஆற்றின் மேற்போக்கில் சில கிலோமீட்டர் தள்ளியுள்ள ஷ்னோங்பிடெங் கிராமமே ஏற்றது. கரையோரக் கூடாரங்களும் வீட்டோடு சேர்ந்த அறைகளும் அங்கே உண்டு. டாவ்கியின் படகுத்துறை நெரிசலும் குறைவு. நாட்டுப்படகில் மூன்று நான்கு பேரை ஏற்றிக்கொண்டு படகோட்டி துடுப்பால் தள்ளிச் செல்வார். எட்டு மணிக்கு அவசரப்பட்டு ஏறாதீர்கள்: இரு பக்கமும் உயர்ந்த மலைகளின் நிழல் அப்போது ஆற்றின்மேல் கிடக்கும். பத்திலிருந்து இரண்டு மணிக்குள், வெயில் நேராக இறங்கும் வேளையில், படகின் நிழல் அதன் அடியிலேயே ஒட்டாமல், ஆழத்தில் கிடக்கும் வெளிர் கூழாங்கற்களின்மேல் தனியாகப் படிந்து உங்களோடு நகர்ந்து வரும். அந்தரத்தில் மிதக்கும் தோற்றம் உண்டாவது இதனால்தான். கற்கள் கண்ணுக்குத் தெளிவாகத் தெரிகின்றன என்பதால் ஆழம் குறைவு என்று நினைத்துவிடாதீர்கள். நீந்தத் தெரிந்தவரும் மிதவைச் சட்டையைக் கழற்றாமலிருப்பது நல்லது. நாமே துடுப்புப் போடும் சிறுபடகான கயாக், முகமூடி அணிந்து நீருக்குள் பார்த்தல், பாறையிலிருந்து குதித்தல் எல்லாம் இருக்கின்றன. இவற்றில் கயாக் ஒன்றையாவது முயன்று பாருங்கள், ஏனெனில் படகோட்டியின் அவசரத்துக்கு உட்படாமல் ஆற்றின் ஓசையைக் கேட்க அதுவே வழி.

உணவில் சைவர்கள் முன்பே சொல்லிவைக்க வேண்டும். ஜாதோ என்னும் புகழ்பெற்ற சோறு பெரும்பாலும் பன்றியிறைச்சியோடு சமைக்கப்படுவது. டுங்டாப் என்னும் துவையல் கருவாட்டுத் துவையல். சோறு, பருப்பு, உருளைக்கிழங்குப் பொரியல் என்று கேட்டால் செய்துதருவார்கள். ஞாயிற்றுக்கிழமையில் ஊரே தேவாலயத்துக்குச் செல்வதால் கடைகள் பல மூடியிருக்கும். ஏடிஎம்மை நம்பாமல் ஷில்லாங்கிலேயே பணம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வெறும் கூடாரத்தில் தங்கினால் டிசம்பர் இரவில் கம்பளிச் சட்டை தேவைப்படும், பகலிலோ நம் ஊர் மார்கழி வெயில்தான்.

மறுநாள் திரும்பும் வழியில் சற்று விலகி ரிவாய் கிராமத்தின் உயிர்வேர்ப் பாலத்தைப் பார்க்கலாம். ஓடையின் கரையில் நிற்கும் ரப்பர் ஆல மரத்தின் விழுதுகளை, குடைந்த பாக்குமரத் தண்டுகளின் வழியே மறுகரைக்கு வளரவிட்டு, தலைமுறைக் கணக்கில் பின்னி எடுத்த பாலம் அது. அதோடு தூய்மைக்குப் பெயர்பெற்ற, அருகிலுள்ள மவ்லின்னாங் கிராமத்தையும் சேர்த்துக்கொண்டால் அன்றைய பகல் முடிந்துவிடும். ஆகவே அதே நாள் மாலையில் குவாஹாட்டியில் விமானம் பிடிக்கும்படி சீட்டு எடுக்காதீர்கள். டாவ்கியிலிருந்து விமான நிலையம் வரை 180 கிலோமீட்டருக்கும் மேல், இடையில் ஷில்லாங்கின் போக்குவரத்து நெரிசல் வேறு. அன்றிரவு ஷில்லாங்கில் தங்கிவிட்டு மறுநாள் பிற்பகல் விமானத்தைத் தேர்ந்தெடுப்பதே பதற்றமில்லாத ஏற்பாடு.