பழைய ஜாஸ் ரெக்கார்டு: அட்டையை விட்டுவிட்டு லேபிள் ஓரத்தைப் பாருங்கள்

'முதல் பதிப்பு' என்று சொல்லி அதிக விலை கேட்கும், ப்ளூ நோட் என்ற அமெரிக்க ஜாஸ் நிறுவனத்தின் எல்பியை வாங்குமுன், கடைக்காரரிடம் கேட்டுத் தட்டை உருவி, கடைசிப் பாட்டின் வரிப்பள்ளம் முடிந்து லேபிள் தொடங்கும் வரையுள்ள வெற்றுப் பட்டையைப் பாருங்கள். செல்போன் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால்தான் எழுத்து தெரியும். நேராக அடித்தால் பளபளப்பு மறைத்துவிடும்.

தேட வேண்டியவை இரண்டு. 'ஆர்விஜி' அல்லது 'வான் கெல்டர்' என்ற ஆங்கில முத்திரை, காது மடல் போல வளைந்த ஒரு சின்னக் குறி. முத்திரை, ஒலிப்பதிவுப் பொறியாளர் ரூடி வான் கெல்டர் வெட்டிய மாஸ்டரிலிருந்து (அச்சுக்கு மூலமான தட்டு) வந்தது என்பதற்கு அடையாளம். காது, பிளாஸ்டிலைட் ஆலையில் அச்சானது என்பதற்கு. 1966-ல் ப்ளூ நோட் லிபர்ட்டி நிறுவனத்தின் கைக்கு மாறியபின் வந்த அச்சுகளில் காது இருக்காது. ஆனால் பழைய மாஸ்டர்களையே பயன்படுத்தியதால் முத்திரை மட்டும் தொடர்ந்தது. பலர் ஏமாறுவது இங்கேதான்.

காது இருந்தாலும் முதல் பதிப்பு என்று முடிவுகட்ட முடியாது. 1966-க்கு முந்தைய மறு அச்சிலும் அது உண்டு. லேபிளில் உள்ள நிறுவன முகவரியையும் ஒப்பிட வேண்டும். அட்டையை நம்பவே வேண்டாம், தட்டை மாற்றிப் போடுவது சுலபம்.

மற்ற நிறுவனத் தட்டுகளுக்கு இந்தக் காதுச் சோதனை பொதுவாக உதவாது. கேட்க மட்டும் வாங்குகிறீர்கள் என்றால் இந்தச் சோதனையே தேவையில்லை. கீறல் விழுந்த முதல் பதிப்பைவிட, சுத்தமான மறுவெளியீடு காதுக்கு இதம்.