கொழும்பில் டோக்ரா வார்ப்பு: ஈரம் போகும்வரை பொறுத்திருங்கள்

சத்தீஸ்கரின் பஸ்தாரிலும் மேற்கு வங்கத்தின் பிக்னா கிராமத்திலும் கைவினைஞர்கள் வார்க்கும் டோக்ரா பித்தளை உருவங்களின் அழகு, மெழுகு நூல் சுற்றிய வரிகளில்தான் இருக்கிறது. மெழுகு உருவத்தின் மேல் மண் பூசி அச்சாக்கி, மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த இடத்தில் பித்தளையை ஊற்றுவதே இம்முறை. அந்த வரிகள் கெடாமல் வருவது மண் அச்சு எவ்வளவு காய்ந்திருக்கிறது என்பதைப் பொறுத்தது. ஆகவே கொழும்பில் இதைச் செய்ய விரும்புவோருக்கு மழை குறைந்த பெப்ரவரி மாதமே ஏற்றது.

முதலில், களிமண்ணுடன் உமி சேர்த்துப் பிசைந்து, நினைத்த உருவத்தைவிடச் சற்றுச் சிறிய கருவைச் செய்து நிழலில் உலர்த்துங்கள். தேன்மெழுகையும் குங்கிலியத்தையும் சிறிது கடுகெண்ணெயுடன் உருக்கித் துணியில் வடிகட்டி, துளையிட்ட தகட்டின் வழியே அழுத்தினால் இடியப்பம் பிழிவதுபோல் நூல்நூலாக வரும். அவற்றைக் கருவின் மேல் இடைவெளியின்றி ஒட்டிச் சுற்றுங்கள். வேண்டுமென்றே விடும் இடைவெளி பித்தளையில் துளையாகும். உருக்கிய உலோகம் இறங்குவதற்கான வழியையும் மெழுகாலேயே அமைத்து, கரு நகராதிருக்கச் சில இரும்பு ஆணிகளை மெழுகினூடாகக் கருவில் செருகி, அவற்றின் தலை வெளியே நீட்டியிருக்க விடுங்கள். பயன்படுத்திய மெழுகை நிறுத்துக்கொள்வது அவசியம், ஏனெனில் பித்தளை அதைவிட ஏறத்தாழ 9 மடங்கு கனமானது. 10 மடங்கு எடுத்துக்கொண்டால் குறை வராது.

மேலே பூசும் முதல் படை, நன்றாகச் சலித்த புற்றுமண்ணாக இருக்கட்டும். விரல்ரேகை விழுந்த மெழுகானால் அந்த ரேகையையும் அது பிடித்துக்கொள்ளும். அது காய்ந்தபின் உமி கலந்த முரட்டு மண்ணை இரண்டு மூன்று முறை பூசி, ஒவ்வொரு படையும் உலர்ந்த பிறகே அடுத்ததைப் பூசுங்கள். கடற்காற்று வீசும் நகரத்தில் மேற்பரப்பு காய்ந்துவிட்டதுபோல் தோன்றினாலும் உள்ளே ஈரம் தங்கியிருக்கும். அந்த ஈரம் உலோகம் பட்டதும் ஆவியாகி, அச்சைப் பிளந்து உருக்கிய பித்தளையைத் தெறிக்க வைக்கும்.

அச்சைக் கவிழ்த்துச் சூடாக்கி மெழுகை வெளியேற்றியபின், அது செந்தணலாகும்வரை சுட்டு, சூடு ஆறுமுன் பித்தளையை ஒரே ஓட்டமாக ஊற்றுங்கள். பித்தளை உருகும் வெப்பத்திலேயே அதிலுள்ள துத்தநாகம் ஆவியாகி வெண்புகையாகும், அதைச் சுவாசித்தால் காய்ச்சல் வரும். அடுக்குமாடி பல்கனியில் இவ்வேலை கூடவே கூடாது. திறந்த முற்றத்தில், காற்றுக்கு முதுகு காட்டி நில்லாமல் பக்கவாட்டில் நின்று, தோல் கையுறையும் முகக்காப்பும் அணிந்து செய்யுங்கள். கொங்கிரீட் தரையில் சிந்தினால் அதுவும் வெடித்துத் தெறிக்கும் என்பதால், அடியில் உலர்ந்த மணலைப் பரப்பிவிடுங்கள்.

முழுதாக ஆறியபின் மண்ணை உடைத்து, ஆணிகளையும் உலோகம் இறங்கிய தண்டையும் அறுத்து, அரத்தால் தேய்த்து, பழப்புளி கொண்டு கழுவுங்கள்.